அவள் கணக்கில் அவர் விரல்

ஆஸ்பத்திரியில் அவளை மடிப்பக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சலவைப் பிரிவின் மடிப்பு மேசையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறவள். ஈரமாக உள்ளே போகும் படுக்கை விரிப்பு, சூட்டு உருளையின் மறுபக்கத்தில் மொடமொடவென்று வெளியே வரும். ஆறுவதற்குள் பிடித்து, நான்காக மடித்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தி அடுக்கிவிட வேண்டும். நாளொன்றுக்கு எழுநூறு, எண்ணூறு விரிப்பு ஆகும். கையுறை போட்டால் துணி நழுவும் என்பதால் யாரும் போடுவதில்லை. சூடும், பிளீச்சும், துணியின் உராய்வும் சேர்ந்து, நாலைந்து வருடத்திலேயே விரல் நுனிகள் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். அங்கே வேலை பார்க்கும் பெண்கள் அதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை. கைக்குழந்தையைத் தூக்க வசதியான கை என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த மடிப்பக்கா ஒரு திங்கட்கிழமை காலையில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, தனியாக வங்கிக்குப் போனாள். போன காரணம் நல்ல காரணம்தான். பதினேழு வருடமாக வாடகைக்கு இருக்கும் இரண்டு அறை வீட்டை விற்கப்போவதாக ஓனரம்மா சொல்லிவிட்டாள். வெளியாளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் உங்களைக் கேட்கிறேன், மாதக் கடைசிக்குள் முன்பணம் கொடுத்தால் வீடு உங்களுக்கு என்று பெருந்தன்மையாகவே சொல்லியிருந்தாள். கணவரிடம் சொன்னால் அவர் "பாக்கலாம்" என்றார். நாலு நாள் கழித்துக் கேட்டால் "அவசரமில்ல" என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கம்பெனியில் இருபது வருடம் நிரந்தர வேலை. இரண்டு சம்பளம் வருகிற வீட்டுக்கு வங்கி கடன் கொடுக்காமலா போகும் என்று அவளாகவே கணக்குப் போட்டாள். கடனுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தால் மனிதர் அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டேதான் வங்கிப் படியேறினாள்.

கடன் மேசையில் இருந்த பெண்ணுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். அடையாள அட்டையை வாங்கி, எண்ணைத் தட்டி, திரையைப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க பேர்ல ஏற்கெனவே அஞ்சு கடன் ஓடுதே. அதுல மூணுக்குத் தவணை தவறியிருக்கு."

"வேற யாரோடதையோ பாத்துட்டு சொல்றீங்கம்மா. நான் பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி சர்க்கரை கூடக் கடன் வாங்கினதில்ல."

அந்தப் பெண் திரையை அவள் பக்கம் திருப்பினாள். ஆறு வருடத்துக்கு முந்தைய புகைப்படம். ஆஸ்பத்திரியின் நீலச் சீருடையில், கொஞ்சம் மெலிவாக, கண்ணை அகல விழித்துக்கொண்டு அவள்.

"இது நீங்கதானே?"

"மூஞ்சி நான்தான். கடன்தான் நான் இல்ல."

"மொத்தம் நாலு லட்சத்து எழுபதாயிரம் நிக்குது அக்கா. எல்லாமே பேங்க் ஏஜெண்ட் கடையில விரல் ரேகை வெச்சு வாங்கின கடன். இந்த மெஷின்ல ஒரு தடவை விரல் வைங்க. வேற ஆள் வாங்கியிருந்தா இதுலயே தெரிஞ்சுடும்."

வலது கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாகப் பத்து விரலும் வைத்தாயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர் எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கணக்கு உங்களோடதுதானா?"

அந்தக் கேள்வியில்தான் மடிப்பக்காவுக்கு ஆறு வருடத்துக்கு முந்தைய மத்தியானம் ஞாபகம் வந்தது. சம்பளத்தை இனிமேல் கையில் தருவதில்லை, எல்லோரும் கணக்குத் தொடங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் சொல்லி, வங்கியின் ஏஜெண்ட் ஒருவர் பதிவு மெஷினோடு சலவைப் பிரிவுக்கே வந்திருந்தார். மடிப்பு மேசைப் பெண்கள் ஒருத்திக்கும் ரேகை விழவில்லை. சாயங்காலத்துக்குள் அறுபது பேரை முடிக்க வேண்டிய அவசரத்தில் ஏஜெண்டுக்கு வியர்த்துவிட்டது. "வீட்டு ஆள் யாராவது இருந்தா அவங்க விரலை வைங்கம்மா. பணம் எடுக்கப்போறது எப்படியும் ஒரே வீட்டுக்குத்தானே" என்றார். அன்றைக்கு அவள் டிபன் டப்பாவை மறந்துவிட்டு வந்திருந்தாள். அதைக் கொடுக்க வந்து வாசலில் நின்ற வீட்டுக்காரரை உள்ளே இழுத்து விரலை வைக்கச் சொன்னார்கள். பச்சை விளக்கு எரிந்தது. "போச்சு, இனிமே மடிப்பக்கா சம்பளம் அவர் விரல் நுனியில" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். அவர் பெயரில் ஏற்கெனவே வலது கட்டைவிரல் பதிவாகியிருந்ததால் அதை விட்டு இடது கையின் விரலை வைக்கச் சொல்லியிருந்தார் ஏஜெண்ட். விஷயம் தெரிந்த ஆள்தான்.

அன்றிலிருந்து மாதாமாதம் அவர்தான் ஏஜெண்ட் கடைக்குப் போய், விரலை வைத்து, அவள் சம்பளத்தை எடுத்து வருவார். துண்டுச்சீட்டோடு கடைசிச் சில்லறை வரைக்கும் அவள் கையில் வைப்பார். ஆறு வருடத்தில் ஒரு நாள், ஒரு காசு குறைந்ததில்லை. இப்படி ஒரு மனிதரைச் சந்தேகப்படுவதற்கு அவளுக்கு எந்த முகாந்திரமும் இருக்கவில்லை.

வங்கியிலிருந்து இறங்கி வந்தவள் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய், நாற்காலியைக் கதவைப் பார்த்தபடி போட்டு உட்கார்ந்தாள்.

ஆறேகாலுக்கு அவர் வந்தார். கம்பெனி பெயர் போட்ட சாம்பல் நிறச் சட்டை, தோளில் கருவிப் பை. வழக்கம்போல வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இன்னைக்கு எந்த பில்டிங்?" என்றாள்.

"மார்க்கெட் பக்கம் ஒரு அஞ்சு மாடி. மூணாவது மாடிக் கதவு சென்சார் போயிருந்துச்சு. மாத்திட்டேன்."

அவர் அப்படித்தான். பொய்யில் கூட உதிரி பாகத்தின் பெயரைத் தப்பாகச் சொல்ல மாட்டார்.

"நான் பேங்குக்குப் போயிருந்தேன்."

கயிற்றில் இருந்த கை நின்றுவிட்டது. ஒரு பூட்ஸ் அவிழ்ந்தும் ஒரு பூட்ஸ் அவிழாமலும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக் கடன் கேக்கப் போனேன். உங்ககிட்ட சொல்லாமப் போனது தப்புதான். போகாம இருந்தா இன்னும் எத்தனை கடன் வாங்கியிருப்பேனோ தெரியல."

"உள்ள போய்ப் பேசலாம்."

"இங்கயே சொல்லுங்க. உள்ள போனா நான் அடுப்பைப் பத்த வெப்பேன், நீங்க சாப்பிடுவீங்க, பேச்சு போயிடும்."

அவர் சொன்னார். கம்பெனியை வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டார்கள். கோளாறு எதுவானாலும் கம்ப்யூட்டரிலேயே கண்டுபிடிக்கிறார்களாம். நாற்பது மெக்கானிக்கில் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு மீதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது நடந்தது மகள் கல்யாணத்துக்குச் சரியாக மூன்று மாதம் முன்னால். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று சொல்லவில்லை.

"பதினாலு மாசம்" என்றாள் அவள்.

"பதினாலு மாசம்."

"அப்போ ஒண்ணாம் தேதி ஒண்ணாம் தேதி கவர்ல போட்டுக் குடுத்தீங்களே, உங்க சம்பளம்னு."

அவர் இன்னொரு பூட்ஸின் கயிற்றை இழுத்தார்.

"சொல்லுங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் துணி மடிக்கறவ. மெக்கானிக் இல்ல."

"உன் பேர்ல எடுத்து உன் கையிலயே குடுத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு. அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கவரிலிருந்து மாதம் மூவாயிரம் எடுத்து, சேமிப்பில் போடுங்கள் என்று அவரிடமே திருப்பிக் கொடுத்ததும் அவள்தான். வீடு வாங்க என்று சேர்த்த பணம்.

"அந்த மூவாயிரம்?"

"போட்டேன். ஒரு மாசம் கூட விடல. இருக்கு."

"இருபத்தாறு வட்டிக்கு வாங்கி அஞ்சு வட்டிக்குப் போட்டிருக்கோம். கெட்டிக்காரக் குடும்பம்."

பகல் முழுவதும் எங்கே இருந்தார் என்று அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். முதல் மூன்று மாதம் வேலை தேடினார். ஐம்பத்திரண்டு வயது என்றதும் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம், முன்பு அவர் பராமரித்த ஒரு கட்டடத்தின் காவலாளி தெரிந்தவர் என்பதால், மொட்டை மாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறையில் போய் உட்கார்ந்துகொள்வார். யாராவது சில்லறை வேலைக்குக் கூப்பிட்டால் போவார். கூப்பிடாத நாள்தான் அதிகம். கீழே யாரோ பொத்தானை அழுத்துவார்கள், மோட்டார் சுற்றும், நிற்கும். எந்த மாடியில் நின்றது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு விநாடி பழைய பெருமை வந்துபோனது. அவளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் இருவரும் சேர்ந்து வங்கி மேலாளரைப் பார்த்தார்கள். மேலாளர் நிதானமான மனிதர். முதலில் மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்காரர் இடது கட்டைவிரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்து, திரையில் மடிப்பக்காவின் முழுப் பெயரும், நீலச் சீருடைப் படமும், 'நல்வரவு' என்ற எழுத்தும் வந்தன. மேலாளர் அவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல ரெண்டு வழிதான் இருக்கும்மா. ஒண்ணு, கடன் உங்களோடதுன்னு ஒத்துக்கறது. ஏழு வருஷத்துக்குப் பிரிச்சுக் குடுக்கறேன். உங்க சம்பளத்துல பாதிக்கு மேல போயிடும், சேமிப்பை எடுத்துக்குவோம். இன்னொண்ணு, நான் வாங்கல, என் பேர்ல இவர் வாங்கினார்னு போலீஸ்ல புகார் குடுக்கறது. புகார் நகல் வந்த அன்னைக்கே கடனை நிறுத்தி வெச்சுடுவோம். ஆனா அது ஆள்மாறாட்டக் கேஸ். உள்ள போகவேண்டி வரும்."

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லீங்களா?"

"நடுவுல ஒண்ணு இருந்தா நானே சொல்லியிருப்பேம்மா. பத்து நாள் தர்றேன். அதுக்குள்ள ஒண்ணும் வரலைன்னா கடன் உங்களோடதுன்னு ஆயிடும்."

வெளியே வந்ததும் அவர் சொன்னார், "எழுதிக் குடுத்துடு. என் பேரை எழுது."

"உங்க பேரை எழுதணும்னா எனக்குத் தெரியும். நீங்க சொல்லிக் குடுக்க வேண்டாம்" என்றாள்.

ஆனால் எழுதவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது.

விஷயம் மடிப்பு மேசைக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. சோப்புத் தூள் அளந்து போடுவதால் சோப்பு என்று பெயர் வாங்கியவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அக்கா, நீ புகார் குடுத்தா அந்த விரல் எப்படி உள்ள போச்சுன்னு கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க."

"அப்போ எங்களையும் கேப்பாங்க. என் கணக்குல என் தம்பி விரல். அவன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா முதல்ல அவ விரலை உடைப்பா, அப்புறம் என்னோடதை."

"என்னோடது மாமியார்" என்றாள் உருளைப் பக்கம் நின்றவள். "அதுக்கு எழுபத்தொன்பது வயசு. அது கண்ணை மூடினா என் சம்பளத்தை எடுக்க நானும் கூடப் போகணும்."

எல்லோரும் சிரித்தார்கள். எண்ணிப் பார்த்தால் மேசையில் பதினோரு பேருக்கு அடுத்தவர் விரல். விசாரணை என்று வந்தால் பதினோரு கணக்கையும் முடக்குவார்கள். சம்பளம் உள்ளே போகும், வெளியே வராது.

"குடும்பத்துக்குள்ள நடந்ததுதானே அக்கா. அவர் குடிச்சாரா, வேற பொம்பளைக்குக் குடுத்தாரா? உனக்குத்தானே குடுத்தார்" என்றாள் சோப்பு.

மகளும் போனில் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். "அம்மா, அப்பாவை போலீஸ்ல விட்டுட்டா நான் இங்க தலை நிமிர முடியுமா? ஏழு வருஷம்தானே. கட்டிடலாம்மா."

"யாரு கட்டறது?"

மாமியார் கூப்பிடுகிறாள் என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், மடிப்பக்கா கட்டுகிற பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தாள். ஏழு வருடம் என்றால் அவளுக்கு ஐம்பத்தைந்து ஆகும். வீடு போய்விடும். ஓர் அறை வீடாகப் பார்த்துக்கொள்ளலாம். இராத்திரி ஆஸ்பத்திரியில் கூடுதல் ஷிஃப்ட் இருக்கிறது. மனசுக்குள் இப்படி ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிப் பார்த்தாள். அவர் ஜெயிலில் இருப்பதை மட்டும் எப்படி மடித்தாலும் அடுக்கில் உட்காரவில்லை. காலையில் அவர் வேலை தேடக் கிளம்பினால் பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்தாள். அவரும் ஒழுங்காகப் போய் வந்தார்.

ஏழாம் நாள் காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவர் கைபேசியோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் வா. ஒரு போட்டோ எடுக்கணும்."

"இப்ப என்ன போட்டோ?"

"பொண்ணு கேட்டா. உன்னைப் பாக்கணும் போல இருக்காம்."

மகள் அப்படிக் கேட்டாள் என்றதும் அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. போனில் கடுமையாகப் பேசிவிட்டோமே என்று நினைத்திருந்தாள். அவசரமாகப் பின்னலை முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்றாள். "நேரா பாரு. கண்ணைச் சிமிட்டு. இப்ப தலையை இந்தப் பக்கம் திருப்பு" என்றார். "பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்வளவு திருப்பிப் பாக்கல" என்றாள் அவள். அவர் சிரித்தார். இந்த ஒரு வாரத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

எட்டாம் நாள் சாயங்காலம் அவர் கையில் ஒரு ரசீதோடு வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"தவறின மூணு கடனுக்கும் தவணை கட்டியாச்சு. இந்தா, பேங்க் சீல் போட்டுக் குடுத்தது. மேலாளரே பரவாயில்லையேன்னார்."

அவள் வாங்கிப் பார்த்தாள். நாற்பத்திரண்டாயிரம். சீல் இருந்தது, தேதி இருந்தது.

"வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சுடும். ரெண்டு இடத்துல சொல்லியிருக்காங்க."

"அப்போ இது?"

"அதை விடு. கட்டியாச்சுல்ல."

"எங்க வாங்கினீங்க?"

அவர் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். "போன்லயே தர்றாங்க. பேங்க் இல்ல, வேற கம்பெனி. விரல் எல்லாம் கேக்கறதில்ல. அட்டை நம்பரும் போட்டோவும் போதும்."

"யார் அட்டை?"

"யார் போட்டோ?" என்று கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை தன்னையறியாமல் பின்னலுக்குப் போனது. நேற்று அவசர அவசரமாக வாரி முடித்த தலை. மகளுக்கென்று துடைத்துக்கொண்ட முகம்.

"உன்னைக் காப்பாத்தத்தான் எடுத்தேன்" என்றார். அதை அவர் மனதார நம்பித்தான் சொன்னார். அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பதினான்கு மாதப் பொய்யை ஒத்துக்கொண்டபோது வந்த வெட்கம் கூட இப்போது அதில் இல்லை. பழுதான லிஃப்டை எப்படியோ ஒரு மாடி ஏற்றிவிட்ட மெக்கானிக்கின் முகம் அது. இவர் நிறுத்த மாட்டார், நிறுத்தத் தெரியாது, அவள் இருக்கிற வரைக்கும் அவள் பெயரில் வாங்கி அவளையே காப்பாற்றிக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெள்ளத்தெளிவாகப் புரிந்தது.

"நாளன்னைக்கு எழுதிக் குடுக்கப்போறேன்" என்றாள்.

அவர் ரசீதை வாங்கி மடித்தார். "சரி" என்றார்.

ஒன்பதாம் நாள் மடிப்பு மேசையில் எல்லோரையும் கூட்டிச் சொன்னாள். "நாளைக்குக் காலையில போறேன். இன்னைக்கு வேலை முடிஞ்சதும் பேங்குக்குப் போய், ரேகை விழல, அட்டையும் கையெழுத்தும் வெச்சு எடுக்கறோம்னு மாத்திக் கேளுங்க. மெஷின் போட்ட ஏஜெண்ட் செஞ்ச தப்புன்னு சொல்லுங்க. நீங்களா போய்ச் சொன்னா கேஸ் இல்லைன்னு மேலாளர்கிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

"பதினோரு பேர் சோத்துல மண்ணைப் போட்டுட்டு வழி வேற சொல்றியா?" என்றாள் சோப்பு.

"அதனாலதான் ஒரு நாள் முன்னாடி சொல்றேன்."

"உனக்குப் புருஷன் வேண்டாம். எங்களுக்குச் சம்பளம் வேணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

அன்று மத்தியானம் மடிப்பக்கா தனியாகச் சாப்பிட்டாள். ஆனால் சாயங்காலம் ஏழு பேர் வங்கிப் பக்கம் நடந்துபோனதைப் பார்த்தாள். அதில் சோப்பும் இருந்தாள்.

பத்தாம் நாள் காலையில் அவர் அலமாரி முன்னால் நின்றுகொண்டு, "எந்தச் சட்டை போடட்டும்?" என்றார். நல்ல சட்டை என்று அவரிடம் இருந்தவை எல்லாம் கம்பெனிச் சட்டைகள். கல்யாணத்துக்குத் தைத்தது ஒன்று இருந்தது. அதையும் அவர் எடுக்கவில்லை, அவளும் எடுக்கச் சொல்லவில்லை. கடைசியில், கம்பெனிச் சட்டையில் ஒன்றை எடுத்து, சட்டைப்பையில் தைத்திருந்த பெயரை பிளேடால் பிரித்துக் கொடுத்தாள். நூல் போன இடத்தில் துணி மட்டும் புதுசாக இருந்தது.

ஸ்டேஷனில் புகார் எழுதும் மேசையில் ஒரு பெண் போலீஸ் இருந்தாள். மடிப்பக்கா நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னாள். அந்தம்மா எழுதிக்கொண்டே வந்து தலை நிமிர்ந்தாள்.

"எதிரி இப்ப எங்க இருக்கார்?"

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கார்."

"கூடவே கூட்டிட்டு வந்தீங்களா?"

"எனக்கு ஸ்டேஷன் எங்க இருக்குன்னு தெரியல. அவர்தான் கூட்டிட்டு வந்தார்."

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அவர் விரல் உங்க கணக்குல எப்படி வந்துச்சு? உங்களுக்குத் தெரியாம வெச்சாரா?"

இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று வழியில் அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்குத் தெரியாது என்று சொல், அப்போதுதான் உன்னை விடுவார்கள் என்றார்.

"தெரிஞ்சுதான். நான் பக்கத்துல நின்னேன். நானும் சிரிச்சேன்."

"அப்படி எழுதினா உங்க மேலயும் கேள்வி வரும்மா. கடன் கழியறதும் இழுத்துக்கிட்டே போகும்."

"எழுதுங்க. இதுல ஒண்ணை மறைச்சா அப்புறம் எல்லாமே மறைச்ச மாதிரிதான்."

"உங்க இடத்துல வேற யாராவது இப்படி வெச்சிருக்காங்களா?"

"என்னோடதைத்தான் சொல்ல வந்தேன். அவங்கவங்களோடதை அவங்கவங்க சொல்லுவாங்க."

எழுதி முடித்ததை அந்தம்மா படித்துக் காட்டினாள். மூன்று பக்கம் இருந்தது. மூன்றிலும் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஒரு போலீஸ்காரர் வெளியே போய் அவரைக் கூப்பிட்டார். அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். எல்லாம் உண்மையா என்று கேட்டதற்கு, "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றார். கைபேசியை வாங்கி மேசையில் வைத்தார்கள். உள் அறைக்குப் போகும்போது அவர் திரும்பிப் பார்த்தார். கதவு பிடித்தவர் காத்துக்கொண்டிருந்ததால் உள்ளே போய்விட்டார்.

புகார் நகலை எடுத்துக்கொண்டு அவள் வங்கிக்குப் போனாள். மேலாளர் வாங்கிப் படித்து, முத்திரை போட்டு, கடன்கள் இன்றிலிருந்து நிறுத்தி வைக்கப்படுகின்றன என்றார். நிறுத்தி வைப்பதுதான், நீக்குவது அல்ல என்பதையும் சொன்னார். விசாரணை முடியும்வரை கணக்கும் முடக்கம். புதுக் கணக்கு வேண்டுமென்றால் அடையாளம் சரிபார்க்க மாதக் கணக்கில் ஆகலாம். போன் கம்பெனிக் கடனுக்கும் இந்த வங்கிக்கும் சம்பந்தமில்லை, அதற்குத் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். அவர்களுடைய ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

"இந்த மாசச் சம்பளத்துக்கு நான் என்னங்க பண்றது?"

"ஆஸ்பத்திரியில சொல்லி, கையில தர முடியுமான்னு கேட்டுப் பாருங்கம்மா."

ஓனரம்மாவுக்கு வழியிலேயே போன் செய்து, வீட்டை வெளியாளுக்கே கொடுத்துவிடுங்கள் என்றாள். ஓனரம்மா "ஐயோ, ஏன்" என்றாள். "முடியலம்மா" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு மகளிடமிருந்து இரண்டு அழைப்பு வந்து நின்றிருந்தது தெரிந்தது. திருப்பிக் கூப்பிட விரல் போனது. என்ன சொல்வது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று பையில் போட்டாள்.

மணி பன்னிரண்டே கால். சூப்பர்வைசரிடம் அரை நாள் விடுப்புதான் சொல்லியிருந்தாள். ஒரு மணிக்கு மேசையில் நிற்காவிட்டால் முழு நாளாகப் பிடித்துவிடுவார்கள். பஸ் வரக் காணோம். அவள் ஆஸ்பத்திரியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.